சீக்வென்ஸ் பெரிதா, கலர் பெரிதா? 500 கை போட்டுப் பார்த்த கதை

தீபாவளிக்கு அக்கா குடும்பம் வந்திருந்தது. மழை விடவே இல்லை. பட்டாசெல்லாம் பரணில் நமுத்துக்கொண்டிருக்க, அக்கா மகன் சீட்டுக்கட்டை எடுத்து வந்தான். எங்கள் வீட்டில் எப்போதும் ரம்மிதான். அவன் விடுதியில் போக்கர் பழகியிருந்தான். "இன்னிக்கு இதை ஆடலாம் மாமா, ரொம்ப ஈஸி" என்றான். பணம் கிடையாது. ஆளுக்கு ஐம்பது புளியங்கொட்டை.

ஆளுக்கு ஐந்து சீட்டு. நாலாவது ஆட்டத்தில் எனக்கு 5, 6, 7, 8, 9 என்று வரிசையாக வந்தது. இருந்த கொட்டை அத்தனையையும் நடுவில் தள்ளினேன். அவன் சிரித்துக்கொண்டே ஐந்து ஆட்டின் சீட்டுகளைப் பரப்பினான். 2, 4, 7, ஜாக்கி, ராணி. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லை, எல்லாம் ஒரே இனம் என்பதைத் தவிர. நான் கொட்டைகளை என் பக்கம் இழுக்கப் போனேன். அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, ஃப்ளஷ் ஸ்ட்ரெய்ட்டை அடிக்கும்."

"எந்த ஊர்லடா? சீக்வென்ஸுக்குக் கீழதான் கலர்."

நான் சொன்னது மூணு சீட்டு வழக்கம். அதில் மூன்றும் ஒரே எண்ணாக வரும் ட்ரெயில் மேலே, பிறகு ஒரே இனத்தில் வரிசையாக வரும் ப்யூர் சீக்வென்ஸ், இனம் கலந்த வரிசையான சீக்வென்ஸ், வரிசையில்லாமல் ஒரே இனமாக வரும் கலர், ஜோடி என்று இறங்கும். அவன் ஃபோனில் போக்கர் பட்டியலைக் காட்டினான். மேலிருந்து கீழே: ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ் (ஒரே இனத்தில் வரிசை), நாலு ஒரே எண், ஃபுல் ஹவுஸ் (மூன்று ஒரே எண்ணும் ஒரு ஜோடியும்), ஃப்ளஷ், ஸ்ட்ரெய்ட், மூன்று ஒரே எண், இரட்டை ஜோடி, ஜோடி, ஒன்றும் இல்லாதது. ஃப்ளஷ் என்பது நம் கலர், ஸ்ட்ரெய்ட் என்பது நம் சீக்வென்ஸ். அங்கே கலர்தான் மேலே.

"ஏன்?"

"லிஸ்ட்ல அப்படித்தான் மாமா இருக்கு."

நான் ஒரு ஜவுளிக்கடையில் முப்பது வருடமாகக் கணக்கு எழுதுகிறவன். 'அப்படித்தான் இருக்கு' என்ற பதிலை எந்த வவுச்சருக்கும் ஏற்றுக்கொண்டதில்லை. அபூர்வமாக வருவதுதான் உயர்ந்த கை என்றால், எது அபூர்வம் என்று எண்ணிப் பார்த்துவிடலாமே. மறுநாளும் மழை. வேலையும் இல்லை.

முதல் யோசனை மிக எளிமையானது. சீட்டைக் கலைத்து ஐந்தைந்தாகப் போடுவோம், வருவதை நோட்டில் குறிப்போம். 52 சீட்டில் ஒரு தடவைக்குப் பத்து கை போடலாம், இரண்டு சீட்டு மிஞ்சும். ஐம்பது தடவை போட்டால் 500 கை.

ஆறு தடவை முடிந்ததும் நோட்டைப் பார்த்தேன். 60 கையில் ஜோடி 31, இரட்டை ஜோடி 8, மூன்று ஒரே எண் 4, ஃபுல் ஹவுஸ் 2. ஃபுல் ஹவுஸ் இப்படி அரை மணி நேரத்துக்கு ஒன்று வந்தால் அது என்ன பெரிய கை? மருமகனே சந்தேகமாகப் பார்த்தான். எங்கேயோ தப்பு.

தப்பு சீட்டில் இல்லை, எங்கள் கையில் இருந்தது. ஒவ்வொரு கையையும் வகை பிரிக்கும்போது ஒரே எண்களைச் சேர்த்து அடுக்குவோம். அப்படியே ஒன்றன் மேல் ஒன்றாகப் பொறுக்கிக் கட்டாக்குவோம். பிறகு ரம்மிக்குக் கலைப்பது போலக் கையில் வைத்துக் கொத்துக் கொத்தாக நாலு தரம் மாற்றிப் போடுவது. அந்தக் கலைப்பில் கொத்துகள்தான் இடம் மாறும், கொத்துக்குள் இருக்கிற ஜோடி பிரியாது. அப்புறம் நான் வேறு மேலிருந்து ஐந்தைந்தாக எடுத்து வைத்தேன். போன ஆட்டத்தின் இரண்டு ராணிகள் கைகோத்தபடி அடுத்த ஆட்டத்துக்கும் வந்துகொண்டிருந்தார்கள்.

அந்த 60 கையையும் அடித்துவிட்டு, முறையை மாற்றினோம். கட்டை இரண்டாகப் பிரித்து, விரலால் சரசரவென்று கோத்துக் கலைக்கும் முறையில் ஏழு தடவை கலைத்தால் 52 சீட்டு ஓரளவு நன்றாகக் கலந்துவிடும் என்று டேவ் பேயரும் பெர்சி டயகோனிஸும் 1992-இல் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். எனக்கு அந்தக் கைவாகு இல்லை. இரண்டாவது தடவையிலேயே பாதிச் சீட்டு சோபாவுக்கு அடியில் போய்விட்டது. ஆகவே பாய் விரித்து, சீட்டுகளைக் கவிழ்த்துப் பரப்பி, இரண்டு உள்ளங்கையாலும் ஒரு நிமிடம் மாவு பிசைவது போலப் பிசைந்தோம். போடும்போதும் ஒவ்வொன்றாகப் பத்து இடத்துக்குச் சுற்றி வைத்தோம். மின்விசிறியை நிறுத்த வேண்டியிருந்ததால் வேர்த்துக் கொட்டியது. வீட்டுக்காரி வந்து பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் பாயில என்ன பண்றீங்க?" என்று கேட்டதற்கு எங்களிடம் மரியாதையான பதில் இல்லை.

இரண்டு மாலைப் பொழுதில் 500 கை முடிந்தது. ஒன்றும் இல்லாதது 243, ஜோடி 219, இரட்டை ஜோடி 25, மூன்று ஒரே எண் 11, ஸ்ட்ரெய்ட் 2. ஃப்ளஷ் ஒன்றுகூட இல்லை. அதற்கு மேலேயும் எதுவும் இல்லை.

"பார்த்தியா மாமா, கலர் வரவே இல்லை. அதான் பெருசு." அவனுக்கு வெற்றிக் களிப்பு. ஆனால் இரண்டுக்கும் பூஜ்யத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துக் கணக்கை மூடினால் கடையில் முதலாளி என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். இன்னொரு ஐம்பது தடவை போட்டால் அது தலைகீழாக மாறலாம். கீழ்ப்படிகள் மட்டும் நோட்டில் தெளிவாகத் தெரிந்தன. பாதிக் கைகளில் ஒன்றுமே இருக்காது, ஐந்தில் இரண்டில் ஜோடி இருக்கும். மேல்படிகளைப் பாயில் உட்கார்ந்து எண்ணி மாளாது. பேனாவை எடுக்க வேண்டியதுதான்.

52 சீட்டிலிருந்து ஐந்தை எடுக்கும் வழிகள் எத்தனை? 52 × 51 × 50 × 49 × 48, அதை 120-ஆல் வகுக்க வேண்டும், ஏனென்றால் அதே ஐந்து சீட்டு எந்த வரிசையில் வந்தாலும் ஒரே கைதான். விடை 25,98,960. இதுதான் மொத்தம். ஒவ்வொரு வகையையும் தனியாக எண்ணிக் கூட்டினால் இந்த மொத்தம் வர வேண்டும். எனக்குப் பழகிய வேலை.

நாலு ஒரே எண்: எண் 13 வகை, ஐந்தாவது சீட்டு மீதியிருக்கிற 48-இல் ஒன்று. 624. ஃபுல் ஹவுஸ்: மூன்றாக வரும் எண் 13 வகை, நாலில் மூன்றை எடுக்க 4 வழி, ஜோடியாக வரும் எண் 12 வகை, நாலில் இரண்டை எடுக்க 6 வழி. பெருக்கினால் 3,744. ஃப்ளஷ்: ஒரு இனத்தில் 13-இல் ஐந்தை எடுக்க 1,287 வழி, நாலு இனத்துக்கு 5,148. அதில் வரிசையாகவும் இருக்கும் 40 ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ் போக 5,108. ஸ்ட்ரெய்ட்: ஏஸ் கீழே நிற்பதில் தொடங்கி ஏஸ் மேலே முடிவது வரை 10 வரிசை. ஒவ்வொரு சீட்டும் நாலு இனத்தில் எதுவாகவும் இருக்கலாம் என்பதால் ஒரு வரிசைக்கு 1,024. ஆக 10,240, அந்த 40 போக 10,200.

பதில் வந்துவிட்டது. ஃப்ளஷ் 5,108, ஸ்ட்ரெய்ட் 10,200. கலரைப் போல இரண்டு மடங்கு சீக்வென்ஸ். சுமார் 255 கைக்கு ஒரு ஸ்ட்ரெய்ட், 509 கைக்கு ஒரு ஃப்ளஷ். 500 கையில் எங்களுக்கு இரண்டுக்கு பூஜ்யம் வந்ததில் ஆச்சரியமே இல்லை. மருமகனிடம் எதுவும் சொல்லாமல் கூட்டலைத் தொடர்ந்தேன்.

மூன்று ஒரே எண் 54,912. ஜோடி 10,98,240. ஒன்றும் இல்லாததை நேராகவே எண்ணலாம்: ஐந்து வெவ்வேறு எண்களை எடுக்க 1,287 வழி, அதில் வரிசையாக வரும் 10 போக 1,277. இனங்களுக்கு 1,024 வழி, அதில் எல்லாம் ஒரே இனமாக வரும் 4 போக 1,020. பெருக்கினால் 13,02,540. கடைசியாக இரட்டை ஜோடி: 13 × 6 × 12 × 6 × 44. அதாவது 2,47,104.

கூட்டினேன். மொத்தம் 1,23,552 அதிகம்.

கணக்கு எழுதுகிறவர்களுக்கு இங்கே மூக்கு வேர்க்கும். வித்தியாசத்தொகை எந்தப் பதிவின் பாதியாக இருக்கிறது என்று முதலில் பார்ப்போம். 2,47,104-இல் சரிபாதி 1,23,552. ஒரே பில்லை இரண்டு முறை ஏற்றியிருக்கிறேன். முதலில் ராஜா ஜோடியை எடுத்து அப்புறம் ராணி ஜோடியை எடுத்தாலும், முதலில் ராணி அப்புறம் ராஜா என்றாலும், கையில் இருப்பது ஒன்றுதான். ஃபுல் ஹவுஸில் இந்தச் சிக்கல் இல்லை, ஏனென்றால் மூன்று ராஜா இரண்டு ராணி வேறு, மூன்று ராணி இரண்டு ராஜா வேறு. இரட்டை ஜோடியை இரண்டால் வகுத்ததும் 1,23,552 ஆகி, கூட்டல் 25,98,960-க்கு ஒட்டிக்கொண்டது. டேலி. அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை மருமகன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். பைதானில் ஒரு நிரல் எழுதி, 25 லட்சத்துச் சொச்சம் கைகளையும் ஒன்று விடாமல் வகைப்படுத்த வைத்திருக்கிறானாம். அரை நிமிடத்தில் ஓடி முடிகிறது. நான் இரண்டு நாளாகப் பாயில் பிசைந்ததை நினைத்துக்கொண்டேன்.

அவன் கணக்கில் ஸ்ட்ரெய்ட் 9,180. என் கணக்கில் 10,200. ஒன்றும் இல்லாதது அவனுக்கு 13,03,560, எனக்கு 13,02,540. ஃப்ளஷ் அவனுக்கு நாலு கூடுதல், ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ் நாலு குறைவு. மற்றதெல்லாம் அச்சாக ஒன்று. என்னை உலுக்கியது என்னவென்றால், அவனுடைய மொத்தமும் சரியாக 25,98,960. இரண்டு ஏடும் டேலி ஆகின்றன, ஆனால் ஒன்றில் பதிவுகள் தப்பான கணக்கில் ஏறியிருக்கின்றன. கடையில் இந்த வகைத் தப்பைப் பிடிக்க ஆடிட்டர்தான் வர வேண்டும்.

"கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது மாமா" என்றான். நான் வித்தியாசத்தைப் பார்த்தேன். 1,020. இந்த எண்ணை நேற்றுத்தான் எழுதினேன்: ஐந்து சீட்டுக்கு இனம் போடும் 1,024 வழியில் ஒரே இனமான நாலு போனால் 1,020. அப்படியானால் அவனிடம் ஒரே ஒரு வரிசை முழுசாகக் காணவில்லை. 1,020 கைகள் ஸ்ட்ரெய்ட்டிலிருந்து ஒன்றுமில்லாததற்கு இறங்கிவிட்டன, மீதி நாலு ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷிலிருந்து ஃப்ளஷுக்கு இறங்கிவிட்டன. எந்த வரிசை? நிரலைத் திறந்தான். ஏஸுக்கு 14 என்று மதிப்பு கொடுத்திருந்தான். ஏஸ், 2, 3, 4, 5 என்ற கை அவன் நிரலுக்கு 2, 3, 4, 5, 14 என்று தெரிகிறது, வரிசையாகத் தெரியவில்லை. அந்த ஒரு விதிவிலக்கை ஒரே வரியில் சேர்த்ததும் இரண்டு ஏடும் ஒன்றாகின. ஆடிட்டர் ஃபீஸாகப் பத்து புளியங்கொட்டை வாங்கிக்கொண்டேன்.

இந்த ஏஸ் விவகாரத்தை ரம்மி, மூணு சீட்டு ஆடியவர்கள் கவனித்துக்கொள்ள வேண்டும். மூணு சீட்டில் ஏஸ்-2-3 பெரும்பாலான இடங்களில் இரண்டாவது பெரிய வரிசை. போக்கரில் ஏஸ்-2-3-4-5 தான் இருப்பதிலேயே சின்ன ஸ்ட்ரெய்ட், அதில் ஏஸ் ஒன்றாகவே நிற்கிறது. ராணி-ராஜா-ஏஸ்-2-3 என்று சுற்றி வந்தால் எதுவும் இல்லை.

சரி, போக்கர் பட்டியல் நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் எனக்கு இன்னொரு கேள்வி இருந்தது. அப்படியானால் நாற்பது வருடமாக நான் மூணு சீட்டில் பழகியது தப்பா? அதையும் எண்ணினேன். மூன்று சீட்டுக் கைகள் மொத்தம் 22,100. வரிசைகள் 12, ஒவ்வொன்றுக்கும் 64 வழி, ஆக 768. ஒரே இனமான 48 போக சீக்வென்ஸ் 720. கலர் 1,144-இல் அதே 48 போக 1,096. அங்கே சீக்வென்ஸ்தான் அபூர்வம்!

இரண்டு பேரும் சரி. சீட்டு எண்ணிக்கைதான் வேறு. வரிசைக்கு ஒரு சீட்டு கூடும்போதெல்லாம் இனம் நாலு வழியில் வரலாம், ஆகவே எண்ணிக்கை ஏறக்குறைய நாலு மடங்காகிறது. கலருக்கோ இனம் முதலிலேயே பூட்டப்பட்டுவிட்டது, 13 சீட்டுக்குள்ளேயே தேட வேண்டும், அது அவ்வளவு வேகமாகப் பெருகாது. எந்த இடத்தில் சீக்வென்ஸ் கலரைத் தாண்டுகிறது என்று பார்க்க நாலு சீட்டுக்கும் போட்டேன். சீக்வென்ஸ் 2,772, கலர் 2,816. வெறும் 44 வித்தியாசம். நாலு சீட்டு வரை என் பக்கம், ஐந்தாவது சீட்டில் அவன் பக்கம். அந்த முடிவை நோட்டில் எழுதிக் கட்டம் போட்டு வைத்தேன்.

இதே எண்ணிக்கையில் மூணு சீட்டின் ஒரு குட்டும் வெளிப்பட்டது. ட்ரெயில் 52 வழியில் வரும், ப்யூர் சீக்வென்ஸ் 48 வழியில்தான் வரும். அபூர்வம் என்ற ஒரே அளவுகோலை வைத்தால் ப்யூர் சீக்வென்ஸ்தான் மேலே இருக்க வேண்டும். கேசினோக்களில் ஆடும் மூன்று சீட்டுப் போக்கரில் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். நம் ஆட்டத்தில் மூன்று ஏஸைக் கீழே வைக்க யாருக்கும் மனம் வராது. எனக்கும்தான்.

மருமகனுக்கு இப்போது ருசி கண்டுவிட்டது. கட்டிலிருந்து 2, 3, 4, 5 சீட்டுகளை எடுத்துவிட்டு 36 சீட்டில் ஆடும் ஒரு போக்கர் இருக்கிறது, சிக்ஸ் பிளஸ் என்பார்கள். அதில் ஃப்ளஷ் ஃபுல் ஹவுஸை அடிக்கும், அது ஏன் என்று விடுதியில் யாருக்கும் தெரியாது என்றான். பதினாறு சீட்டைப் பொறுக்கி ஓரமாக வைத்துவிட்டு எண்ணினோம். ஒரு இனத்தில் ஒன்பது சீட்டுதான் மிச்சம். ஒன்பதில் ஐந்தை எடுக்க 126 வழி, நாலு இனத்துக்கு 504. ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ் 24 போக 480. ஃபுல் ஹவுஸ் 9 × 4 × 8 × 6, அதாவது 1,728. இனம் ஒல்லியாகிவிட்டது, ஆனால் ஒவ்வொரு எண்ணுக்கும் நாலு சீட்டு அப்படியே இருக்கிறது. கலர் வறண்டு, ஜோடி வகையறா செழித்துவிடுகிறது. இதைப் பேனா இல்லாமலே விரித்துப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். 36 சீட்டைப் பாயில் இன வாரியாக அடுக்கியபோது எனக்குக் கணக்கைவிட அதுதான் தெளிவாக இருந்தது.

நடுவில் ஒரு சண்டை. என்னிடம் ராஜா ஜோடி, ராணி ஜோடி, கூட ஏஸ். அவனிடம் ஏஸ் ஜோடி, 2 ஜோடி, ஒரு 3. கூட்டிப் பார்த்தால் என் கை கனம். ஆனால் பெரிய ஜோடியை மட்டும்தான் முதலில் ஒப்பிட வேண்டுமாம், ஏஸ் ராஜாவைவிடப் பெரிது, முடிந்தது. அது சமமானால்தான் சின்ன ஜோடி, அதுவும் சமமானால் ஐந்தாவது சீட்டு. ஃபுல் ஹவுஸில் மூன்றாக இருப்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஃப்ளஷில் மேல் சீட்டிலிருந்து ஒவ்வொன்றாக இறங்க வேண்டும். எல்லாமே சமமானால் பங்கு பாதி. ஸ்பேடு பெரிதா ஆட்டின் பெரிதா என்ற பேச்சே போக்கரில் கிடையாது.

அடுத்தது ஏழு சீட்டு. டெக்சஸ் ஹோல்டெம் ஆட்டத்தில் நம் கையில் இரண்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து, ஏழிலிருந்து நல்ல ஐந்தை எடுத்துக்கொள்ளலாம். இதைத்தான் அவர்கள் விடுதியில் ஆடுகிறார்கள். எனக்குக் கையில் இரண்டு 3. நடுவில் ராஜா, ராஜா, 4, 4, ஏஸ். மூன்று ஜோடி! மருமகன் கையில் ராணியும் ஜாக்கியும்தான் இருந்தன. நடுவில் இருக்கிற ராஜா ஜோடி, 4 ஜோடி, ஏஸ் என்ற அதே ஐந்துதான் எனக்கும் நல்ல கை, அவனுக்கும் நல்ல கை. என் மூன்றாவது ஜோடிக்கு உட்கார இடமில்லை. பங்கு சரிபாதி. இதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஏழு சீட்டுக்கும் பட்டியல் பொருந்துமா என்று அவனே கேட்டான். மொத்தம் 13,37,84,560 கை. ஒவ்வொன்றிலும் ஐந்தை எடுக்க 21 வழி, எல்லாவற்றையும் பார்த்து நல்லதை வைத்துக்கொள்ள வேண்டும். 25 லட்சத்துக்கு அரை நிமிடம் என்றால் இதற்கு ஒன்பது மணி நேரம். ராத்திரி ஓட விட்டுப் படுத்தோம். இரண்டு மணிக்குக் கரண்ட் போய், பாட்டரி செத்த லேப்டாப்பும் அணைந்துபோனது. மறுநாள் ராத்திரி திரும்ப ஓட விட்டோம். காலையில் காபியோடு பார்த்தேன்.

மேல்படிகளில் ஒரு குழப்பமும் இல்லை. ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ் 41,584, நாலு ஒரே எண் 2,24,848, ஃபுல் ஹவுஸ் 34,73,184, ஃப்ளஷ் 40,47,644, ஸ்ட்ரெய்ட் 61,80,020, மூன்று ஒரே எண் 64,61,620, இரட்டை ஜோடி 3,14,33,400, ஜோடி 5,86,27,800. கடைசியில் ஒன்றும் இல்லாதது 2,32,94,460. இதுதான் இடறியது. ஒன்றும் இல்லாத கை, ஜோடியைவிட அபூர்வம். இரட்டை ஜோடியைவிடவும் அபூர்வம். யோசித்தால் சரிதான், ஏழு சீட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு ஜோடிகூட இல்லாமல் தப்பிப்பது கஷ்டம்.

"அப்ப ஒண்ணுமே இல்லாதவன்தான மாமா ஜோடியை ஜெயிக்கணும்?"

நானும் முதலில் தலையாட்டினேன். அப்புறம் அப்படி ஒரு ஆட்டத்தைப் பாயில் ஆடிப் பார்த்தோம். ஐந்தே நிமிடத்தில் குட்டு உடைந்தது. அவனுக்கு 9 ஜோடி வந்தது. ஏழிலிருந்து ஐந்தை எடுப்பது அவன் இஷ்டம். ஒரு 9-ஐ விட்டுவிட்டு வெவ்வேறு ஐந்து எண்களைக் காட்டி, "என்கிட்டயும் ஒண்ணும் இல்லை" என்றான். ஒன்றும் இல்லாததை உயர்த்திய அந்த நொடியே ஜோடி வைத்திருக்கிற அத்தனை பேரும் ஒன்றும் இல்லாதவர்களாகிவிடுவார்கள். அபூர்வமாக இருந்தது அப்போதே மலிவாகிவிடும். ஆகவே ஐந்து சீட்டுக்குப் போட்ட பட்டியலையே ஏழுக்கும் வைத்துக்கொள்கிறார்கள், வேறு வழியும் இல்லை.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஊருக்குக் கிளம்புகிற அன்று காலை, சீட்டுக்கட்டில் ரம்மிக்காக யாரோ ஒரு ஜோக்கரைத் திரும்பச் சொருகியிருக்கிறார்கள். ஐந்து சீட்டு ஆட்டத்தில் அவனுக்கு ஜாக்கி ஜோடியும் ஜோக்கரும் வந்தன. ரம்மி மாதிரி ஜோக்கர் எதுவாகவும் நிற்கட்டும் என்றான், மூன்று ஜாக்கி ஆகிவிட்டது. அடுத்த ஆட்டத்திலேயே வேறு ஜோடியோடு அதே கதை. சந்தேகம் வந்து, நோட்டின் கடைசிப் பக்கத்தில் எண்ணினேன். ஜோக்கர் இல்லாமல் மூன்று ஒரே எண் 54,912. ஜோக்கரோடு ஒரு ஜோடி சேர்ந்து வருவது 82,368. ஆக 1,37,280. இரட்டை ஜோடி பழையபடி 1,23,552தான். ஜோடியும் ஜோக்கரும் கையில் இருக்கிறவன் அதை இரட்டை ஜோடியாக ஆக்க மாட்டானே, மூன்றாகத்தானே ஆக்குவான். இப்போது இரட்டை ஜோடிதான் அபூர்வம்.

சரி, ஜோக்கர் ஆட்டத்துக்கு இரட்டை ஜோடியை மேலே ஏற்றிவிடலாமா? ஏற்றினால் அந்த 82,368 பேரும் ஜோக்கரை வைத்து இரட்டை ஜோடி காட்டுவார்கள். இரட்டை ஜோடி 2,05,920 ஆகிவிடும், மூன்று ஒரே எண் 54,912-க்கு இறங்கிவிடும். திரும்ப அது அபூர்வமாகிவிடும். திரும்ப மேலே ஏற்ற வேண்டும். எப்படி வைத்தாலும் நியாயமாகாத கணக்கு. டேலி ஆகவே ஆகாத ஒரு ஏட்டை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வாசலில் அக்கா ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டு கத்திக்கொண்டிருந்தாள். மருமகன் செருப்பை மாட்டிக்கொண்டே, "அப்ப ரெண்டு ஜோக்கர் போட்டா மாமா?" என்று கேட்டுவிட்டுப் போனான். கட்டை அடுக்கி டப்பாவில் போட்டேன். ஜோக்கரை மட்டும் எடுத்து நோட்டுக்குள் வைத்திருக்கிறேன், அந்தப் பக்கத்தில். புளியங்கொட்டைக் கணக்கில் அவனுக்கு நான் இன்னும் பதினேழு தர வேண்டும்.